சிவபாதம் அண்ணை மெஷினில் ஏற மறுத்த வாரம்

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று உண்டு. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள். லண்டன் டூட்டிங்கில் மரக்கறிக் கடையில், முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடியே கேட்பார்கள்.

"அக்கா, நீங்கள் ஆஸ்பத்திரியில கனகாலம் இருந்தனீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ. இந்தக் கவர்மெண்டின்ர இலவச வைத்தியத்தை நம்பி இருக்கலாமோ, இல்லாட்டி பிரைவேட் இன்சூரன்ஸ் ஒண்டு எடுக்க வேணுமோ?"

கேட்கிறவர்களில் பாதிப்பேர் இன்சூரன்ஸ் விலையை ஏற்கெனவே விசாரித்து, தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆறுதல். என்னோடு வேலை செய்த இளம் தாதிகள்கூடக் கேட்கிறார்கள். அம்மாவின் இடுப்பு ஒப்பரேஷனுக்கு இன்னும் திகதி வரவில்லை, காசு கட்டிச் செய்விக்கவும் வசதியில்லை, என்ன செய்வது என்று.

"நம்பலாம். ஆனால் விடாமல் கேட்டுக்கொண்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் சிவபாதம் அண்ணையும் அவருடைய மகள் வாணியும் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய கதையைக் கடைக்குள் நின்று சொல்ல முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் தாதியானது சுற்றி வளைத்துத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைத்தேன். பிறகு கணவரோடு லண்டனுக்கு வந்து கோலியர்ஸ் வுட்டில் குடியேறினோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, வகுப்பிலேயே மூத்த மாணவியாகத் தாதிப் பயிற்சியில் சேர்ந்தேன். பரீட்சைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுதினேன், பாஸானேன். தென் லண்டனில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் வேலை கிடைத்தது. கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டேன்.

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்தவர்கள் வாரத்தில் மூன்று நாள் எங்களிடம் வருவார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும். கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியாக இரத்தம் மெஷினுக்குப் போகும். கழிவும் மேலதிக நீரும் நீங்கி மற்றதன் வழியாக உடம்புக்குத் திரும்பும். அதற்காகவே கையில் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் முன்கூட்டியே இணைத்துத் தைத்திருப்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்குக் கீழே ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு நின்றால் ஆபத்து.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் சிஸ்டர் நோரா. அயர்லாந்திலிருந்து இளவயதில் வந்தவர். உயரம், மெலிவு, சத்தம் போடாத சப்பாத்து. நோயாளியிடம் போவதற்கு முன் கையைச் சுடுநீரில் கழுவுவார். சுத்தத்துக்காக மட்டுமில்லை, கை குளிர்ந்திருக்கக் கூடாது என்பதற்காகவும். பத்து வருடமாக வருகிறவராக இருந்தாலும் "உங்கள் கையைத் தருவீர்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கும். ஆனாலும் முதலில் குனிந்து தன் காதையே அந்தக் கையில் வைத்து இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பார். பிறகு மூன்று விரலால் நாளத்தைத் தடவி, ஊசி போகும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். ஊசி குத்தும்போது பேச்சுக் கொடுத்து நோயாளியின் கவனத்தைத் திருப்புவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். அவருக்கு அது பிடிக்காது. "அது ஏமாற்று வேலை. இப்போது குத்துகிறேன் என்று சொல்லிவிட்டுக் குத்து" என்பார். "கவலைப்படாதீர்கள்" என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே கிடையாது. புதிதாக வந்த நாட்களில் நான் ஒரு நோயாளிக்கு அப்படிச் சொன்னபோது, மருந்து அறைக்குள் கூப்பிட்டு, "அது உனக்கு ஆறுதல், அவருக்கு இல்லை" என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்று யாருக்காவது வாக்குக் கொடுத்தால், வீட்டுக்குப் போகுமுன் விசாரித்துச் சொல்லிவிடுவார்.

சிவபாதம் அண்ணை எங்களிடம் வரத் தொடங்கியபோது எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் காசாளராகவே காலத்தைக் கழித்தவர். மனைவி இறந்துவிட்டார். டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேலிருந்த பிளாட்டில் தனியாக இருந்தார். ஒரே மகள் வாணி இங்கேயே படித்து, கல்யாணம் செய்து, கணவரோடு அமெரிக்காவில் இருந்தாள்.

எங்கள் பிரிவில் அரசாங்கத்தைத் திட்டாத நோயாளி அவர் ஒருவர்தான். கார் பிந்தி வந்தது என்று யாராவது முறைப்பட்டால் அவருக்குப் பொறுக்காது.

"இந்த மெஷினை நான் ஆயுள் முழுக்க உழைச்சாலும் வாங்கேலாது தங்கச்சி" என்பார் என்னிடம். "ஊரில எண்டால் நான் எப்பவோ போயிருப்பன். இஞ்ச ஒரு கேள்வி கேக்காமல் தருகினம். வாசலுக்கே கார் அனுப்புகினம். பிறகும் குறை சொன்னால் எப்பிடி?"

வாணி அதற்கு நேர் எதிர். அண்ணை மெஷினில் இருக்கும் நேரம் அவளுக்குக் காலைப்பொழுது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் தவறாமல் அழைப்பாள். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது, மற்றக் கையில் இரத்த அழுத்தப் பட்டி இறுகித் தளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் நிறுத்திவிடுவேன். சிலவேளை நானே பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"அன்ரி, அப்பாவின்ர கண் ஒப்பரேஷனுக்கு இன்னும் திகதி வரேல்லையோ? இஞ்ச எண்டால் அடுத்த கிழமையே செய்திருப்பினம்."

"வரும் பிள்ளை. நான் திருப்பிக் கேக்கிறன்."

"வரும், வரும் எண்டுதான் அம்மாவுக்கும் சொன்னவை. வரும்போது அம்மா இல்லை. அம்மாவை அந்தக் கவர்மெண்ட்தான் சாகடிச்சது."

அவள் அப்படிச் சொல்வது அடிக்கடி நடக்கும். அவளுடைய அம்மா வயிற்று நோவோடு குடும்ப வைத்தியரிடம் பலமுறை போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நோவுக் குளிசை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் கருப்பையில் புற்றுநோய் என்று கண்டபோது ஒன்றும் செய்ய முடியாமல் போயிற்று. வாணி அப்போது பல்கலைக்கழகத்தில், வேறு நகரத்தில். மகள் இதை எடுக்கும்போதெல்லாம் அண்ணை பேச்சை நிறுத்திவிட்டு மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவியின் நினைவு என்று நான் எண்ணிக்கொள்வேன்.

தகப்பனைத் தன்னிடமே கூப்பிட்டு வைத்துக்கொள்ள வாணி ஒருகாலத்தில் முயன்றாள். அங்கே அவருக்கு டயாலிசிஸ் கொடுப்பதற்கான இன்சூரன்ஸ் அவர்களுடைய வீட்டுக் கடன் தவணையைவிடக் கூடுதலாக வந்தது. கொஞ்ச நாள் பேத்தியைப் பார்த்துவிட்டு வரவும் வழியில்லை. போகிற இடத்தில் ஒவ்வொரு முறை மெஷினில் ஏறுவதற்கும் கைக்காசு கட்ட வேண்டும். அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று.

பிறகு ஒரு குளிர்காலத்தில் வாணியின் கணவருக்கு வேலை போயிற்று. வேலையோடு சேர்ந்து குடும்பத்தின் மருத்துவ இன்சூரன்ஸும் போயிற்று. அதைத் தாங்களாகவே கட்டித் தொடரலாம் என்றார்களாம். ஆனால் சம்பளம் இல்லாத வீட்டில் அதை எப்படிக் கட்டுவது? வாணி வீட்டிலிருந்தபடி செய்யும் சிறு வேலை சாப்பாட்டுக்கே போதவில்லை.

அதற்குச் சில வாரங்களின் பின் ஒருநாள், நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, வாணி சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்பா, எனக்கு நெஞ்சில ஒரு கட்டி மாதிரிக் கிடக்கு. சின்னன்தான். பயப்பிடாதேங்கோ."

அண்ணை ஊசி ஏறிய கையோடு எழும்பப் பார்த்தார். மெஷின் சத்தமிட்டது. நான் அவருடைய தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "டொக்டரிட்டைக் காட்டினனீரோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி. படம் பிடிக்கிறதுக்கு மலிவாய் ஒரு இடம் இருக்கு. பிடிச்சு, அது அதுதான் எண்டு சொன்னால் பிறகு என்ன செய்யிறது? கண்டுபிடிக்கிறது மட்டும்தானே மலிவு."

"இஞ்ச வா" என்றார் அண்ணை. "நீ இந்த நாட்டுப் பிள்ளை. உன்னை வேண்டாம் எண்டு சொல்லாயினம்."

"அம்மாவைப் பாத்த மாதிரிப் பாக்கிறதுக்கோ?"

அவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று நான் சிஸ்டர் நோராவிடம் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பினார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே காத்திருந்து பதிலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

"வந்துவிட்டுப் போகிறவள் என்றால் கட்டணம்" என்றார். "இங்கே வாழ வருகிறவள் என்றால் இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. அவளிடம் அப்படியே சொல்."

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் சிக்கியது. வாழ வருவதென்றால் வீட்டை விட வேண்டும், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டிருக்கும் கணவரை விட்டுவிட்டு வர வேண்டும். அதோடு, அம்மாவைத் தின்ற இடம் என்று தான் நம்பிய இடத்துக்குத் திரும்ப வேண்டும். வாணி வரவில்லை. கொஞ்சநாளில் கணவருக்கு வேறு வேலை கிடைத்தது. ஆனால் அந்த வேலையின் இன்சூரன்ஸ் சேர்ந்தவுடன் கிடைக்காது, சில மாதம் பொறுக்க வேண்டும். "இவ்வளவு பொறுத்தனான், அதையும் பொறுப்பம்" என்றாள். பிறகு அந்த வேலையும் நிலைக்கவில்லை. திரும்பவும் தேடல், திரும்பவும் பொறுத்தல்.

கட்டி வளர்ந்திருக்கிறதா என்று நான் கேட்பேன். "அப்பிடியேதான் கிடக்கு" என்பாள். குரலை வைத்து எனக்கு விளங்கும். அண்ணை ஒவ்வொரு முறையும் கெஞ்சுவார், பிறகு கோபிப்பார், பிறகு அழுவார். "அவ வளர்ந்த பிள்ளை. முடிவு அவவின்ர கையில. நெருக்காதேங்கோ அண்ணை, கதைக்கிறதையும் நிப்பாட்டிப் போடுவா" என்று நாங்கள் எல்லோரும் அவரைத் தடுத்தோம். அந்த அறிவுரையை இன்று நினைக்கக் கூசுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை அவரை ஏற்றிவரப் போன கார் வெறுமையாகத் திரும்பி வந்தது. கதவைத் திறந்து, "இண்டைக்கு வரேல்லை" என்று சொல்லிவிட்டுச் சாத்திவிட்டாராம். நான் அழைத்தேன்.

"சுகமில்லையோ அண்ணை?"

"சுகம்தான். வாணி இஞ்ச வந்து இறங்கும்வரை நான் மெஷினில ஏற மாட்டன். அவளுக்கும் சொல்லிப்போட்டன்."

எங்கள் நோயாளிகள் ஒரு தடவை தவறினாலே நீர் உடம்பில் தங்கத் தொடங்கும். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது அளவு கடந்தால் முன்னறிவிப்பில்லாமல் இதயம் நிற்கும். வெள்ளி தவறினால் இடையில் சனி, ஞாயிறு. அது அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வைத்தியர் தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தார். அண்ணை எல்லாவற்றுக்கும் மரியாதையாக "யெஸ் டொக்டர்" சொல்லிவிட்டு, திங்கட்கிழமையும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சிஸ்டர் நோரா என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு அவருடைய பிளாட்டுக்குப் போனார். படி ஏறும்போதே மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. கதவைப் பூட்டாமல் வைத்திருந்தார். கதிரையில் முன்பக்கமாகக் குனிந்து, முழங்காலில் கையூன்றி இருந்தார். முகம் ஊதியிருந்தது. கால்கள் செருப்புக்குள் அடங்கவில்லை. பக்கத்தில் தொலைபேசி.

சிஸ்டர் நோரா அவருக்கு முன்னால், அவருடைய கண்ணுக்கு நேராக, தரையில் முழங்காலிட்டார்.

"மிஸ்டர் சிவபாதம், இப்படியே இருந்தால் உங்கள் இதயம் நிற்கலாம். இன்றைக்கே நிற்கலாம். உங்களை இழுத்துக்கொண்டு போக எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன்."

அண்ணைக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் மூச்சு வாங்கும்போது தமிழ்தான் வந்தது.

"தங்கச்சி, சொல்லு. எனக்கு ஒண்டும் வேண்டாம். அவள் வரவேணும். என்னட்டைக் காசில்லை, காணியில்லை. அவளுக்குப் பெறுமதியாய் என்னட்டை இருக்கிறது இந்த உயிர் ஒண்டுதான். இதை வச்சுத்தான் அவளைக் கூப்பிடலாம்."

நான் தயங்கினேன். "மகள் வரவேண்டும் என்று விரும்புகிறார்" என்று சுருக்கமாகச் சொன்னேன்.

சிஸ்டர் நோரா திரும்பி என்னைப் பார்த்தார். "அவர் அதைவிட நிறையச் சொன்னார். அப்படியே சொல். எதையும் குறைக்காதே."

நான் முழுவதையும் சொன்னேன். சொல்லி முடித்துப் பார்த்தபோது அண்ணை அழுதுகொண்டிருந்தார். அதற்கு முன் அவர் அழுததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது வேறு அழுகை.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார். "என்ர மனுசி சொன்னதை நான் முழுக்கச் சொல்லேல்லை."

"என்ன அண்ணை?"

"அவவுக்கு இங்கிலீஷ் தெரியாது. டொக்டரிட்டை நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். மாதவிலக்கு நிண்டு எத்தினையோ வருசத்துக்குப் பிறகு இரத்தம் போகுது எண்டு சொன்னவ. ஆம்பிளை டொக்டர். எனக்கு அதைச் சொல்ல வெக்கமாய் இருந்தது. வயித்து நோ எண்டு மட்டும் சொன்னன். அடுத்த முறையும் அப்பிடித்தான். அதுக்கடுத்த முறையும் அப்பிடித்தான்."

மூச்சுக்கு இடைவெளி விட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னார். ஒவ்வொரு வசனமாக நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சிஸ்டர் நோராவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது மகளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அவளிடம் சொல்ல விரும்புகிறீர்களா?"

அவர் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். அங்கே விடிந்திருக்காது. இரண்டாவது மணியிலேயே வாணி எடுத்துவிட்டாள். தூங்கியிருக்க மாட்டாள்.

"அன்ரி, அப்பா மெஷினில ஏறிட்டாரோ?"

"இன்னும் இல்லைப் பிள்ளை. அப்பா உம்மோட கதைக்க வேணுமாம்."

அவர் சொன்னார். எங்களிடம் சொன்னதையே சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"ஏனப்பா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்றாள் வாணி.

அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மூச்சு வரவில்லை. உதடுகள் நீலமாகத் தொடங்கின. சிஸ்டர் நோரா எழுந்து அவசர அம்புலன்ஸை அழைத்தார். "அப்பா, ஏறுங்கோ. நான் வாறன். இப்பவே டிக்கெட் போடுறன், நீங்கள் ஏறுங்கோ" என்று தொலைபேசியில் வாணியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆஸ்பத்திரியில் உடனே மெஷினில் ஏற்றினார்கள். அவர் பிழைத்தார். அந்த வாரமே வாணி மகளோடு வந்து இறங்கினாள்.

அவளை நேரில் பார்த்தது அப்போதுதான். தகப்பனுடைய அகன்ற நெற்றி. சிரித்தால் இளமையாக இருப்பாள். ஆனால் நடக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. குடும்ப வைத்தியரிடம் நானும் கூடப் போனேன். பெண் வைத்தியர், கையை வைத்துப் பார்த்தவுடனேயே மார்பகச் சிகிச்சைப் பிரிவுக்கு எழுதினார். அங்கே போன அன்று, வரவேற்பு மேசையில் பெயரைக் கேட்டதும் வாணி பழக்கதோஷத்தில் பையைத் திறந்து எதையோ தேடினாள். "பெயரும் பிறந்த திகதியும் போதும், அங்கே போய் இருங்கள்" என்றார்கள்.

"ஒரு இன்சூரன்ஸ் கார்டும் கேக்கேல்லை அன்ரி" என்றாள், கதிரையில் வந்து இருந்த பிறகு. இன்னும் பை திறந்தபடியே மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

முடிவு வந்தபோது நோய் எலும்புக்குப் போய்விட்டிருந்தது. முன்பே வந்திருந்தால் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அவர்கள் சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

மருந்து கொடுத்தார்கள். விலை உயர்ந்த மருந்து. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஸ்கான் திகதியைக் கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டார்கள். இன்னொருமுறை காய்ச்சலோடு போனவளைக் கட்டில் இல்லாமல் நடைபாதையில் தள்ளுவண்டியிலேயே ஒரு பகல் முழுவதும் வைத்திருந்தார்கள். "பாத்தியளோ அன்ரி, நான் சொன்னனான்தானே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பழைய கோபம் இல்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு தாதி தேநீரும் இன்னொரு போர்வையும் கொண்டுவந்தாள்.

உடம்பு இடம் கொடுத்த நாட்களில் தகப்பனோடு காரில் எங்கள் பிரிவுக்கு வருவாள். அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பாள். முதல் நாட்களில் இருவரும் அதிகம் பேசவில்லை. ஒருநாள் நான் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வாணிதான் தொடங்கினாள்.

"நீங்கள் முழுக்கச் சொல்லியிருந்தாலும் அந்த டொக்டர் கவனிச்சிருப்பாரோ தெரியாதப்பா."

"கவனிச்சிருப்பார்" என்றார் அண்ணை.

"அதை ஆரும் சொல்லேலாது. விடுங்கோ." அவருடைய ஊசி இல்லாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மெஷின் முடியும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. அழுத்தப் பட்டி இறுகும்போதெல்லாம் அது தளரும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

ஒன்றரை வருடம்போல இருந்தாள். கணவர் வேலை தேடுவதை விட்டுவிட்டு வந்து கூடவே இருந்தார். கடைசி வாரங்களில் வீட்டுக்கே தாதிகள் வந்தார்கள். அந்தச் சின்ன பிளாட்டில், கடைக்காரர் பெட்டிகள் இறக்கும் சத்தத்துக்கு மேலே, ஒரு பகற்பொழுதில் வாணி இறந்துபோனாள். சாகும்போது அவளுக்கு நோவு இருக்கவில்லை. தாதியாக இதைச் சொல்ல முடிகிறது. கூட இருந்தவளாக வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

செத்தவீடு முடிந்து கணவர் மகளைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குத் திரும்பினார். அங்கே இப்போது ஒரு வேலை, ஒரு இன்சூரன்ஸ். பேத்தியைப் பார்க்க அண்ணையால் போக முடியாது.

தகனத்துக்கு அடுத்த நாள் அவருடைய முறை. வரமாட்டார் என்று நான் நினைத்தேன். சிஸ்டர் நோரா அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பொறுப்பு என்னுடையது. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரோட்டி அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். நிறை பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவருடைய கையைக் கேட்டு வாங்கி, ஊசிகளை ஏற்றினேன். இரத்தம் ஓடத் தொடங்கிய பிறகு அவர் பேசினார்.

"அவள் கேட்டவள் எல்லோ, ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை எண்டு. அவளுக்கு நான் மறுமொழி சொல்லேல்லை தங்கச்சி. அவளும் பிறகு கேக்கேல்லை."

நான் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

"கவர்மெண்டைத் திட்டினால் அது திருப்பி ஒண்டும் சொல்லாது. அது செத்தவீட்டுக்கு வராது, முகத்தைப் பாக்காது. அதின்ர தலையில போட்டால் போட்டபடி கிடக்கும். அவள் திட்டத் திட்ட நான் பேசாமல் இருந்தன். என்னைத் திட்டேல்லை எண்ட நிம்மதி. அவள் அதை உண்மை எண்டு நம்பினாள். அதை நம்பித்தானே இஞ்ச வராமல் இருந்தவள்."

அவருடைய சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இன்னும் ஒரு மடிப்பு மடித்துவிட்டேன்.

சற்றுநேரத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளம் வைத்தியர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கணினியில் அண்ணையின் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து முகம் மலர்ந்தார். பொட்டாசியம் சரி, நீரளவு சரி, இதயம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. இந்த வயதில் இவ்வளவு நல்ல முடிவு அபூர்வம், இன்னும் பல வருடம் இருப்பார் என்றார். அவருக்குத் தமிழிலும் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார் என்று என்னிடம் சொன்னார்.

நான் எதையும் குறைக்காமல் சொன்னேன். அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வைத்தியருக்கு நன்றி சொல்லச் சொன்னார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.